நடைத்தாள் மொழியும் பெயரிடும் உரிமையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

செய்யுளும் சொல்லும் பேசப்பெறும் இவ்வரங்கில் கணிப்பொறி மொழி ஒன்றைப் பற்றிய உரை எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே. ஒரு மொழிக்குள் புதுப்பெயர் இடும் உரிமை யாருக்கு உண்டு, இட்டால் மொழி வளம் பெறுமா, கலங்குமா என்பது இலக்கணிகளும் கவிஞர்களும் நெடுங்காலமாக வழக்காடிவரும் பொருளாகும். அதே வழக்கு, கணிப்பொறி உலகில் ஒரு சிறு மொழியை முன்வைத்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்தது. இரு தரப்பாரும் எடுத்துரைத்த காரணங்கள் கவிஞர்தம் செவிக்குப் புதியன அல்ல.

கணிப்பொறி மொழிகளுள் எச்செயலையும் எழுதவல்ல பொதுமொழிகள் ஒருவகை. ஒரே துறைக்கென அமைந்த துறைமொழிகள் மற்றொரு வகை. தரவுத் தொகுதியை வினவுதற்கு எஸ்.கியூ.எல்.; கணித நூல்களை அச்சுக்கு அமைத்தற்கு டெக்; இணையப் பக்கத்தின் தோற்றத்தை வரையறுத்தற்குச் சி.எஸ்.எஸ். எனப்படும் நடைத்தாள் மொழி. துறைமொழியின் சிறப்பு அதன் குறுமையில் உள்ளது. அத்துறைக்கு வேண்டியன மட்டும் அதில் இருக்கும், வேண்டாதன இரா. ஆதலின் நிரல் எழுதிப் பழகாதவரும் சில நாளில் கற்றுக்கொள்ள இயலும். ஆனால் பயன்படுத்துவோர் பெருகுந்தோறும், 'நாங்கள் அடிக்கடி சொல்வதற்கு ஒரு பெயர் இட்டுக்கொள்ள இம்மொழி இடந்தரவில்லையே' என்னும் குறை எழாத துறைமொழி அரிது. எஸ்.கியூ.எல். மொழிகூடத் தன் 1999ஆம் ஆண்டுத் தரப்பாட்டில்தான் வினவலின் ஒரு பகுதிக்குப் பெயரிட்டு, அப்பெயரைப் பின்னர் எடுத்தாளும் வழியைப் பெற்றது. நடைத்தாள் மொழியின் கதை இதனினும் சுவையானது. அங்கே பெயர் வேண்டா என்றோரும் மொழியை ஆக்கியோரே.

ஜெனீவா நகரை அடுத்துள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் 1989ஆம் ஆண்டு டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்த திட்டத்திலிருந்து உலகளாவிய வலை பிறந்தது என்பது பலரும் அறிந்ததே. வலைப் பக்கத்தை எழுதும் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி, இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல் எனப் பகுதிகளின் இயல்பைச் சொல்வது. தலைப்பு எந்நிறத்தில், எவ்வளவு பெரிதாக விளங்க வேண்டும் என்பதனை உரைக்கும் மொழி தனியே தேவைப்பட்டது. 1994 அக்டோபர் 10ஆம் நாள், செர்னில் பணியாற்றிய ஹோக்கன் வியும் லீ என்னும் நார்வே நாட்டவர் அதற்கான முன்மொழிவை வெளியிட்டார். தாமும் ஓர் உலாவியை ஆக்கிக்கொண்டிருந்த நெதர்லாந்தினர் பெர்ட் போஸ் அவருடன் இணைந்தார். 1996 டிசம்பர் 17இல் டபிள்யூ3சி என்னும் உலகளாவிய வலைச் சேர்த்தியம் அம்மொழியின் முதல் வடிவைத் தன் பரிந்துரையாக ஏற்றது.

மொழியின் பெயரிலேயே ஓர் உருவகம் உண்டு. 'காஸ்கேடிங்' என்பது அருவி படிப்படியாக வீழ்தலைக் குறிக்கும் சொல். பக்கத்தை எழுதியவர் விதி தருவார். படிப்பவரும் தம் கண்ணுக்கு ஏற்ற விதியைத் தரலாம். உலாவிக்கும் தன் விதிகள் உண்டு. இவையெல்லாம் மேலிருந்து கீழாக வந்து, முரண்படும் இடத்தில் முன்னுரிமை முறைப்படி ஒன்று நிலைக்கும், ஏனைய நீங்கும். அன்றியும், எழுத்தின் நிறம் போன்ற சில பண்புகள் பெற்றோரிடமிருந்து மக்களுக்கு வருதல் போல, பெரிய பகுதியிலிருந்து அதனுள் அடங்கிய சிறு பகுதிக்குத் தாமே வழிவரும். நூற்பாக்களின் கிடக்கையை ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு எனப் பகுத்தறிந்தோர்க்கு, ஒரு விதியின் ஆணை எதுவரை செல்லும் என்னும் வினா அயலானதன்று.

இத்தகைய மொழியில் இல்லாதிருந்தது ஒன்றே. எழுதுவோர் தாமே ஒரு பெயரை வரையறுத்துக்கொள்ள இயலாது.

இதனால் நேர்ந்த இடர்ப்பாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு கவிதைத் தொகுதியை இணையப் பக்கமாக வெளியிடுவதாகக் கொள்வோம். தலைப்பும் ஓரக்கோடும் பாடல் எண்ணும் #990000 என்னும் குறியெண்ணால் சுட்டப்பெறும் கருஞ்சிவப்பில் அமைகின்றன. நடைத்தாளில் அவ்வெண் நாற்பது இடங்களில் எழுதப்பெறுகிறது. தொகுப்பாளர் கருஞ்சிவப்பை விட்டுப் பச்சைக்கு மாற விரும்பினால் நாற்பது இடங்களிலும் மாற்ற வேண்டும். 'தேடி மாற்றுக' என்று கணிப்பொறியை ஏவினால் போதாதோ எனில், போதாது. அதே கருஞ்சிவப்புப் பிழைத்திருத்த அறிவிப்புக்கும் ஆளப்பட்டிருக்கும். அது பச்சையாகக் கூடாது. நிறம் ஒன்று, அது வந்த காரணம் இரண்டு. எண் காரணத்தைச் சொல்லாது. காரணத்தைச் சொல்லப் பெயர் வேண்டும்.

குறை இவ்வளவு வெளிப்படையாக இருக்க, மொழியை ஆக்கியோர் ஏன் மறுத்தனர்? பெர்ட் போஸ் 2008ஆம் ஆண்டில், நடைத்தாள் மொழியில் மாறிகள் தீங்கு பயப்பன என்னும் கருத்தமைந்த தலைப்பில் ஒரு கட்டுரையே எழுதினார். அதன் சாரம் கருதத்தக்கது. இணையப் பக்கம் எழுதுவோருள் பலர் நிரலர் அல்லர். 'தலைப்பின் நிறம் பச்சை' என்னும் விதி கண்டவுடன் விளங்கும். 'தலைப்பின் நிறம் இன்ன பெயரால் குறிக்கப்பட்டது' என்று எழுதினால், படிப்பவர் அப்பெயர் எங்கே வரையறுக்கப்பட்டது எனத் தேடிச் செல்ல வேண்டும். மொழியின் சொற்கள் எல்லாருக்கும் பொது. தனியொருவர் இட்ட பெயரோ அவருக்கே உரியது. பிறர் அதனைப் புதிதாகக் கற்க வேண்டும். நடைத்தாள்கள் பெரும்பாலும் சிறியவை; சிறிய தாளுக்கு இச்சுமை எதற்கு?

இதனைப் பழமைவாதம் என ஒதுக்குதல் தகாது. கவிஞர் தமக்கே உரிய குறியீடுகளால் மட்டும் எழுதும்போது வாசகர் வெளியே நிறுத்தப்படுகிறார் என்னும் குறைபாடு இலக்கிய அரங்குகளில் எழுவது உண்டன்றோ? போஸின் கவலையும் அத்தன்மையதே. எழுதுவோர் தொகையினும் படிப்போர் தொகை பெரிது. படிப்போர் பக்கமே மொழி நிற்க வேண்டும் என்பது அவர் நிலை.

ஆயினும் தேவை காத்திருக்கவில்லை. 2006இல் சாஸ், 2009இல் லெஸ் என்னும் முன்செயலிகள் தோன்றின. இவற்றில் பெயர் இட்டு எழுதலாம். எழுதி முடித்தபின் முன்செயலி ஒவ்வொரு பெயரையும் அதன் மதிப்பாக மாற்றி, பெயரே இல்லாத பழைய நடைத்தாளை ஆக்கித் தரும். கட்டடம் எழுந்தபின் சாரத்தைப் பிரித்துவிடுவது போன்றது இது. உலாவிக்குப் பெயர் தெரியாது. படிப்பவர் கையில் வந்து சேரும் பக்கத்திலும் பெயர் இராது. பட்டறையில் மட்டும் வழங்கும் பெயர் அது. மொழிக்குள்ளேயே பெயர் வேண்டும் என்று டேனியல் கிளாஸ்மன், டேவிட் ஹையட் ஆகிய இருவர் 2008இல் வரைந்த முன்மொழிவு நிலைபெறவில்லை. 2012 ஏப்ரலில் வலைச் சேர்த்தியம் வெளியிட்ட வேறொரு வரைவே பின்னர் வெற்றி கண்டது.

அவ்வரைவின் நுட்பம், பெயரைப் புதியதோர் உறுப்பாக மொழியில் ஒட்டாமல், முன்பே இருந்த 'பண்பு' என்னும் உறுப்பின் ஒரு வகையாகவே ஆக்கியது. நிறம், அகலம், ஓரம் ஆகியன மொழி தந்த பண்புகள். எழுதுவோர் இட்டுக்கொள்வது தனிப்பண்பு. பண்பு என ஆகிவிட்டமையால் அருவி முறையும் வழிவருதலும் அதற்கும் தாமே உரியவாயின. முதலில் இப்பெயர்களுக்கு முன் ஒரு சொல்லை ஒட்டும் வழக்கு வரைவில் இருந்தது. 2014இல் அது இரு சிறுகோடுகளாக மாறியது. டாலர்க் குறியைச் சாஸும், 'அட்' குறியை லெஸும் முன்பே எடுத்துக்கொண்டிருந்தன. உலாவி நிறுவனங்கள் தம் சோதனைப் பண்புகளுக்கு இரு சிறுகோடுகளுக்கு இடையே தம் பெயரை முன்னொட்டாக இடும் வழக்கமும் இருந்தது. அந்நிறுவனப் பெயரை எடுத்துவிட்டால் எஞ்சுவன இரு கோடுகளே. நிறுவனத்தின் பெயர் நின்ற இடம் வெற்றிடமாகி எழுதுவோர்க்கு உரியதாயிற்று எனலாம். அவ்வாண்டு ஜூலையில் ஃபயர்ஃபாக்ஸ், 2016 மார்ச்சில் குரோமும் சஃபாரியும், 2017இல் எட்ஜ் என உலாவிகள் இதனை ஏற்றன.

இனி அதன் இயல்பைக் காண்போம். பக்கம் முழுமைக்கும் உரிய வேர்ப்பகுதியில்

--பாடல்-நிறம்: #990000;

என ஒரு வரி எழுதப்பெறுகிறது. பின், தலைப்புக்கும் ஓரக்கோட்டுக்கும் எண்ணைத் தராமல், 'வார்' என்னும் ஆங்கிலச் சுருக்கச் சொல்லை ஆண்டு, வார்(--பாடல்-நிறம்) எனச் சுட்டுதல் போதும். (உண்மை நிரலில் அச்சுருக்கச் சொல் ஆங்கில எழுத்தில் இருத்தல் வேண்டும்.) தொகுதியுள் நெய்தற் பாடல்கள் அடங்கிய பகுதிக்கு மட்டும் --பாடல்-நிறம்: #003366, என மறுபடி வரையறுத்தால், அப்பகுதிக்குள் உள்ள தலைப்பும் கோடும் எண்ணும் நீலமாகும், வெளியே கருஞ்சிவப்பு மாறாது. தலைப்புக்குரிய விதி ஒன்றே; அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அது நிற்கும் இடம் மாறியது, பொருளும் மாறியது.

முன்செயலியின் பெயரால் ஆகாத செயல் இது. 'மாறி' என்னும் கலைச்சொல்லும் ஈண்டு எண்ணத்தக்கது. பொதுமொழிகளில் மாறி என்பது நேரத்துக்கு நேரம் வேறு மதிப்பை ஏற்பது. இப்போது ஐந்து, அடுத்த கணம் ஆறு. நடைத்தாளின் மாறி அங்ஙனம் காலத்தால் மாறுவதன்று, இடத்தால் மாறுவது. அகப்பாடலில் 'அவன்' எனும் சொல் பாட்டுக்குப் பாட்டு வேறு தலைவனைச் சுட்டுதலோடு ஒப்பவைத்தால் தவறாகாது. படிப்பவர் தம் கருவியை இருள்தோற்றத்தில் வைத்திருந்தால் அதனை உலாவி அறியும். அந்நிலையில் தாளின் நிறத்துக்கும் எழுத்தின் நிறத்துக்கும் உரிய இரு வரையறைகளை மாற்றினாலே பக்கம் முழுதும் இரவுக்கு ஏற்றதாகிவிடும். இன்று பற்பல தளங்களில் காணப்பெறும் பகல்-இரவுத் தோற்றங்கள் இம்முறையால் எளிதாயின.

வரையறை முன்னே வர வேண்டும் என்பதும் இல்லை. தாளின் கடைசி வரியில் வரையறுத்த பெயரை முதல் வரியில் ஆளலாம். கொண்டுகூட்டுப் பொருள்கோள் பயின்றோர் இதற்கு வியப்படையார்.

வியப்பூட்டுவது வேறொன்று. தமிழில் இரு சொல் அடுத்து நின்றால் புணர்ச்சி நேரும். இம்மொழியில் பெயரும் அடுத்து நிற்பதும் புணர்வதே இல்லை. --அளவு என்னும் பெயருக்கு 20 எனும் மதிப்பைத் தந்து, அதனை அடுத்துப் படப்புள்ளியைக் குறிக்கும் அலகை ஒட்டி எழுதினால் '20 படப்புள்ளி' என ஒரே அளவாகும் என்றே புதியவர் எதிர்பார்ப்பர். ஆகாது. 20 தனியே, அலகு தனியே நிற்கும், விதி பொருளற்றதாகும். எண்ணை ஓர் அலகால் பெருக்கும் கணக்கீட்டை வெளிப்படையாக எழுதினாலன்றி இரண்டும் சேரா. பெயரின் இடத்தில் வருவது எழுத்துச் சரம் அன்று, முன்பே சொல்சொல்லாகப் பிரிக்கப்பட்ட தொடர் என்பதே காரணம்.

பெயர் வந்ததனால் பழைய மொழி இழந்ததும் ஒன்று உண்டு. இதனைப் பலரும் விரித்துச் சொல்வதில்லை. நடைத்தாள் மொழியின் பெருந்தன்மை, தனக்கு விளங்காத வரியைக் கண்டால் அதனை மட்டும் ஒதுக்கிவிட்டு மேற்செல்வது. 'எழுத்தின் நிறம் பச்சை' என ஒரு வரி, அடுத்து 'எழுத்தின் நிறம் 20 படப்புள்ளி' எனப் பிழையான ஒரு வரி. உலாவி இரண்டாவதைத் தள்ளும்; பச்சை நிலைக்கும். புதிய உலாவிக்கு ஒரு வரியும் பழைய உலாவிக்கு ஒரு வரியும் எழுதிவைக்கும் வழக்கம் இதனை நம்பியே வளர்ந்தது. இப்போது இரண்டாம் வரியில் நேர் மதிப்புக்கு மாறாக ஒரு பெயர் நிற்கிறது எனக் கொள்க. படிக்கும் வேளையில் அப்பெயரின் மதிப்பு நிறமா, அளவா என உலாவிக்குத் தெரியாது. இடத்தை அறிந்த பின்னரே தெரியும். ஆதலின் வரியைத் தள்ளாமல் ஏற்கிறது. பின்வந்தது முன்வந்ததை வெல்லும் என்னும் முறைப்படி பச்சையைக் கைவிடுகிறது. பிறகு பெயரைப் பிரித்துப் பார்த்து 20 படப்புள்ளி எனக் காணும்போது, திரும்பிச் சென்று எடுத்துக்கொள்ளப் பச்சை அங்கே இல்லை. வழிவரும் பண்பாயின் பெற்றோரின் மதிப்பையும், அன்றாயின் தொடக்க மதிப்பையும் அது ஏற்கும்.

பெயர் வரையறுக்கப்படாதபோது கொள்ளத்தக்க மாற்று மதிப்பை எழுதிவைக்க வழி உண்டு. ஆனால் அது பெயரே இல்லாத இடத்துக்குத்தான். பெயர் இருந்து பொருந்தா மதிப்பைக் கொண்டிருந்தால் அம்மாற்று உதவாது. போஸ் சொன்ன சுமை இவ்விடத்தில் மெய்யாயிற்று என ஒப்புதல் நேர்மை.

சுழற்சி பற்றியும் ஒரு சொல். அகராதியில் மலர் என்பதற்குப் பூ என்றும், பூ என்பதற்கு மலர் என்றும் பொருள் எழுதியிருந்தால் தேடியவர் சுற்றிக்கொண்டே இருப்பார். இங்கும் ஒரு பெயர் மற்றொன்றையும், அது திரும்ப முன்னதையும் சுட்டினால், சுழற்சியில் அகப்பட்ட பெயர்கள் யாவும் மதிப்பற்றவை என உலாவி தீர்ப்பளிக்கும். தன்னையே சுட்டித் தன்னோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும் பெயரும் அவ்வாறே. பொதுமொழியில் நாள்தோறும் எழுதப்பெறும் 'ஒன்று கூட்டுக' என்னும் செயல் இதனால் இங்கே இயலாததாயிற்று. நடைத்தாளைப் பொதுமொழியாக்காமல் துறைமொழியாகவே வைத்திருக்கும் வரம்புகளுள் இது தலையாயது. சுழற்சி இல்லாமலே விளையும் தீங்கும் உண்டு. முதற்பெயருக்கு ஒரு சொல். இரண்டாவது முதலாவதன் இரு படிகள். மூன்றாவது இரண்டாவதன் இரு படிகள் என முப்பது வரி எழுதினால், முப்பதாவது பெயருக்குள் 53 கோடிக்கு மேற்பட்ட சொற்கள் நிறைந்து கணிப்பொறி திணறும். எனவே விரிவுக்கு எல்லை வைக்குமாறு தரப்பாடு உலாவிகளை எச்சரிக்கிறது.

பெயரிடும் உரிமை வந்தபின் எப்பெயர் இடுவது என்னும் வினா எழுந்தது. தொடக்கத்தில் பலர் --சிவப்பு என்பது போல் நிறத்தையே பெயராக்கினர். பின்னர் அதன் மதிப்பை நீலமாக்கியபோது, சிவப்பு என்னும் பெயர் நீலத்தைச் சுட்டி நின்றது. எதற்காக அந்நிறம் என்னும் காரணத்தைப் பெயராக்கியோர் --எச்சரிக்கை-நிறம் என்றனர். மதிப்பு எதுவாயினும் பெயர் பொய்க்கவில்லை. இடுகுறியும் காரணமும் ஆராய்ந்த மரபினர்க்கு இப்பாடம் புதிதன்று. பெருந்தளங்களின் தாள்களில் இன்று நூற்றுக்கணக்கான பெயர்கள் உள. ஒருவர் பெயர் மற்றவர் பெயரோடு மோதாதிருக்கத் தமிழர் தலைப்பெழுத்து இடுதல் போல முன்னெழுத்துகளும் இடப்பெறுகின்றன. 2024 ஜூலை முதல் முன்னணி உலாவிகள் அனைத்திலும் பெயரை முறைப்படி பதிவு செய்யவும் இயலும்: அது ஏற்பது நிறமா அளவா, வழிவருமா வாராதா, தொடக்க மதிப்பு யாது என மூன்றையும் அறிவிக்கலாம். பெயருக்குத் திணையும் பாலும் வகுத்தது போன்றது இது.

இவ்வரங்கினர்க்கு உரிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. மேலே --பாடல்-நிறம் எனத் தமிழில் காட்டியது எளிமைக்காகச் செய்த மொழிபெயர்ப்பன்று; அவ்வரி உலாவியில் அப்படியே இயங்கும். நடைத்தாள் மொழி தந்த பண்புப் பெயர்கள் யாவும் ஆங்கிலமே. அவற்றை மாற்ற இயலாது. எழுதுவோர் இடும் பெயருக்கோ யூனிகோடின் தமிழ் எழுத்துகள் அனைத்தும், புள்ளியும் உயிர்க்குறிகளும் உட்பட, ஏற்புடையன. மொழிமுதல் வாரா எழுத்தால் தொடங்கினும் உலாவி மறுக்காது. அதனைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் எழுதுபவரே. தனிப்பண்பின் பெயரில் ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வேறு வேறாகக் கொள்ளப்படுவதால் நேரும் தடுமாற்றம் தமிழுக்கு இல்லை. தமிழுக்கென வேறொரு தடுமாற்றம் உண்டு. 'பொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். உலாவி அவற்றை ஒப்பாக்கிப் பார்ப்பதில்லை. குறியீட்டெண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறது. ஒருவர் ஒருவகையில் தட்டி --பொன்-நிறம் என வரையறுக்க, மற்றவர் மறுவகையில் தட்டி அதனை ஆண்டால், கண்ணுக்கு ஒரே பெயர், கணிப்பொறிக்கு இரு பெயர். பொன்னிறம் வாராது, பிழை எதுவெனவும் திரை காட்டாது. ஒரே தளத்துக்கு எழுதுவோர் யாவரும் ஒரே தட்டச்சு முறையைக் கைக்கொள்ளுதலும், ஐயம் எழுந்த பெயரை அழித்துவிட்டு வரையறையிலிருந்தே படியெடுத்து ஒட்டுதலும் இதற்குரிய எளிய வழிகள்.